காரைக்குடியிலிருந்து கடல் பாதுகாப்பு உயிரியலுக்கு: எங்கே படிப்பது, எதில் கை பழகுவது, என்ன வேலை?

பள்ளத்தூர்க்காரி கேட்டது:

வணக்கம். காரைக்குடியில் பிஎஸ்சி விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்து கடல் பாதுகாப்பு உயிரியல்தான் என்று முடிவு. வீட்டில் தடை இல்லை. ஆனால் அப்பத்தாவிலிருந்து சித்தப்பா வரை ஒரே கேள்வி: “படிச்சு முடிச்சா எங்கே வேலை?” இணையத்தில் தேடினால் திமிங்கலத்தோடு நீந்தும் படங்களும் கட்டணப் பயிற்சி விளம்பரங்களும்தான் வருகின்றன.

எம்எஸ்சிக்கு எந்த இடம் நல்லது? ஸ்கூபா டைவிங் சான்றிதழ் வாங்கிவிட்டுத்தான் சேர வேண்டுமா? தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கம் போய் இப்போதே பழகக்கூடிய களவேலை என்ன இருக்கிறது? கடைசியாக, சம்பளம். விவரம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொட்டலசு எழுதியது:

தங்கச்சி, விலங்கியல் பட்டம் சரியான அடித்தளம். இளங்கலையிலேயே கடல் உயிரியல் எடுக்காமல் போனோமே என்று வருந்த வேண்டாம். யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வின் தகுதிப் பாடங்களில் விலங்கியல் இருக்கிறது. கடலோர மாவட்டத்தில் பாதுகாப்பு வேலையை நேரடியாக நடத்தும் பதவி அதுதான். அந்தக் கதவை மூடிக்கொள்ளாதீர்கள்.

நமக்கு மிகப் பக்கம் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம். கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறை அங்கேதான் இயங்குகிறது. தேவகோட்டை வழியாகப் பேருந்திலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. வகைப்பாட்டியலில், அதாவது உயிரினத்தைக் கையில் எடுத்து இன்னது என்று சொல்லும் திறமையில், பல தலைமுறை மாணவர்களை உருவாக்கிய இடம். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை போர்ட் பிளேயரில் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறது. சியுஇடி என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பவளப்பாறைதான் உங்கள் ஆசை என்றால் அதை விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு உயிரியலையே முதன்மையாகப் படிக்க டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்சிபிஎஸ்) எம்எஸ்சி நடத்துகின்றன. என்சிபிஎஸ் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் ஆள் எடுக்கிறது, இடங்களும் மிகக் குறைவு. ஆனால் ஆய்வைத் திட்டமிடவும் புள்ளியியல் பழகவும் அதைவிட நல்ல பயிற்சி நாட்டில் அரிது.

எங்கே சேர்ந்தாலும் சேருமுன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தத் துறை ஆசிரியர்களின் சமீபத்திய பத்துக் கட்டுரைகளின் தலைப்பைப் படியுங்கள். ‘கடல் உயிரியல்’ என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே பாசியிலிருந்து மருந்துப்பொருள் பிரிப்பது, இறால் நோய், நுண்ணுயிரியல் என்று ஆய்வுக்கூட வேலையே நடக்கும் துறைகள் நிறைய. அவையும் நல்ல அறிவியல்தான். ஆனால் இரண்டு வருடம் பெட்ரி தட்டோடு போய்விட்டால் களக் கணக்கெடுப்பு கைக்கு வராது. கட்டுரைகளில் கடற்புல், பவளம், ஆமை, வலையில் தவறிச் சிக்கும் உயிரினங்கள், மீன்வள மதிப்பீடு என்று வந்தால் அங்கே போங்கள்.

மீன்வளப் பல்கலைக்கழகத்தின் எம்எஃப்எஸ்சி (மீன்வள முதுகலை) பற்றியும் பலர் கேட்பார்கள். அதற்கு பொதுவாக பிஎஃப்எஸ்சி (மீன்வள இளங்கலை) முடித்திருக்க வேண்டும். விலங்கியல் படித்தவர் அந்தப் பக்கம் விண்ணப்பம் போட்டு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் தகுதி தரும் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு முக்கியம். உயிர் அறிவியல் தாளில் 13 அலகுகள். ஒன்பது (உயிரினப் பன்மை), பத்து (சூழலியல்), பதினொன்று (பரிணாமம், நடத்தை) மூன்றையும் முழுதாகப் பிடித்துக்கொண்டு, பதின்மூன்றில் உள்ள புள்ளியியலையும் சேருங்கள். ‘சி’ பகுதியில் 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். மூலக்கூறு உயிரியலில் பலமில்லாதவர்கள் தேறி வருவது இந்த வழியில்தான். தொண்டியில் கடலியல் படித்தால் புவி அறிவியல் தாளும் எழுதலாம், ஆனால் அதில் இயற்பியலும் கணக்கும் கனமாக இருக்கும்.

வாடைக்காத்து எழுதியது:

டைவிங் கேள்விக்கு நான் சொல்கிறேன். இப்போது வேண்டாம். நீச்சல் வேண்டும்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கடற்புல் நன்றாக வளரும் இடம் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மீட்டர். அங்கே மாஸ்க், ஸ்நார்க்கல், துடுப்புச் செருப்பு போதும். டைவிங் சான்றிதழ் தேவைப்படுவது மன்னார் வளைகுடாப் பவளத்துக்கும் அந்தமான், லட்சத்தீவுக்கும். ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்த பிறகு தேவை வந்தால் எடுங்கள். அப்போது திட்டமே செலவை ஏற்பதும் உண்டு. தொடக்கநிலைச் சான்றிதழுக்கே 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் வேண்டும், அதை இன்றே பழகத் தொடங்கலாம். ஊருணியில் நீந்தத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி ஓட்டத்துக்கு எதிராக நீந்துவது, அலையில் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் மூக்கால் ஊதி வெளியேற்றுவது. இவற்றைக் கடலில், துணையோடு, லைஃப் ஜாக்கெட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் பழக வேண்டும். அந்தமானில் டைவிங் பழகினால் கடைசி டைவிங்குக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் இருக்கட்டும்.

உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் செய்யக்கூடிய மிக நல்ல வேலை கடற்புல் கணக்கெடுப்பு. உலகெங்கும் பின்பற்றும் முறை எளிது. கரைக்குச் செங்குத்தாக 50 மீட்டர் டேப் மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு டேப்பிலும் 0, 5, 10 என்று 50 வரை பதினொரு இடத்தில் 50 செ.மீ. சதுரச் சட்டம். மொத்தம் 33 சட்டங்கள்.

சட்டத்திலேயே முதல் தவறு நடக்கும். 20 மி.மீ. பிவிசி குழாயில் செய்து வெளிப்பக்கம் 50 செ.மீ. அளந்தால் உள்பக்கம் 46தான் இருக்கும், பரப்பு 15 சதவீதம் குறைந்துபோகும். உள்ளளவு 50 இருக்க வேண்டும். பிவிசி மிதக்கும், அதனால் நாலு பக்கமும் துளை போட்டுத் தண்ணீர் உள்ளே போகவிடுங்கள், அல்லது 8 மி.மீ. கம்பியில் செய்து வெள்ளை பெயின்ட் அடியுங்கள். டேப்பின் இரண்டு முனையிலும் கம்பி அடித்து இறுக்குங்கள். தொய்ந்தால் ஓட்டத்தில் வில்லாக வளைந்து, 50 மீட்டர் என்று எழுதியது 45 மீட்டரில் முடியும்.

டேப்பின் இடது பக்கம் நீந்துங்கள், வலது பக்கம் சட்டம் வையுங்கள். மாற்றிச் செய்தால் உங்கள் துடுப்பே சேற்றைக் கிளப்பிவிடும், பத்து நிமிடத்துக்கு எதுவும் தெரியாது. சட்டம் வைத்ததும் கை வைக்குமுன் மேலிருந்து நேராக ஒரு படம், சட்ட எண் எழுதிய பலகையும் படத்தில் விழ வேண்டும். பிறகு விரலால் மண்ணைத் தேய்த்து மணலா சேறா கிளிஞ்சலா என்று குறிப்பு, மொத்தப் புல் மூடிய சதவீதம், இனவாரியாகப் பங்கு, இலை உயரம், பாசி மூடிய சதவீதம். இலை உயரத்துக்கு மிக நீளமான ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியில் மூன்று முதல் ஐந்து இலை அளக்க வேண்டும். நீளமான இலையைத்தான் கண் தேடிப் பிடிக்கும், அதைத் தடுக்கவே இந்த விதி.

சதவீதம்தான் வில்லங்கம். ஒரே சட்டத்தை ஒருவர் 40 என்பார், இன்னொருவர் 60 என்பார். கடலில் இறங்குமுன் ஏற்கெனவே மதிப்பிட்ட படங்களை வைத்து இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, வித்தியாசம் பத்துக்குள் வரும்வரை பழகுங்கள். யார் மதிப்பிட்டது என்ற பெயர் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும்.

இனம் அறிய 10 மடங்கு லென்ஸ் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். சைமோடோசியா செருலேட்டா என்ற கடற்புல்லின் இலை நுனியில் ரம்பப்பல் இருக்கும், அதன் உறவான சைமோடோசியா ரோட்டண்டேட்டாவின் நுனி வழவழப்பாக உருண்டிருக்கும். நுனி மீன் கடித்துச் சிதைந்திருந்தால் தண்டைப் பாருங்கள். இலை விழுந்த தழும்பு தண்டைச் சுற்றி முழு வளையமாக இருந்தால் ரோட்டண்டேட்டா, வளையம் மூடாமல் நின்றால் செருலேட்டா. சிரிங்கோடியம் இலை தட்டையாக இருக்காது, இடியாப்ப நூல் போல உருளையாக இருக்கும். ஹாலோடூல் யூனிநெர்விஸ் நுனியில் மூன்று பல். என்ஹாலஸ் முழங்கைக்கு மேல் நீளும் நாடா. அதன் கிழங்கில் கறுப்பு மயிர் அடர்ந்திருக்கும், இது ஒன்றில் யாரும் தவற மாட்டார்கள்.

சட்டத்துக்கு வெளியே புல்வெளியில் வேரோடு பெயர்ந்த நீண்ட பள்ளம் தெரிந்தால் நின்று அளவெடுங்கள். பத்து முதல் இருபத்தைந்து செ.மீ. அகலம் ஒரே சீராக, சில மீட்டர் நீளத்துக்கு வளைந்து போனால் ஆவுளியா (கடற்பசு) மேய்ந்த தடமாக இருக்கலாம். நங்கூரம் இழுத்த தழும்பின் அகலம் ஒழுங்காக இருக்காது. இன்ஜின் விசிறி அறுத்தது நேர்க்கோடாக வெகுதூரம் போகும். ஸ்கேல் வைத்துப் படம், ஜிபிஎஸ் புள்ளி, இரண்டும் இல்லாமல் ‘தடம் பார்த்தேன்’ என்று எழுதாதீர்கள்.

முறைப்புத்தகத்தில் தாழ்நீரில் நடந்துபோய் அளக்கச் சொல்லியிருக்கும். பாக் விரிகுடாவில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு, புல்வெளி வற்றி வெளியே தெரியாது. நீந்தித்தான் அளக்க வேண்டும். ஆகவே நேரமும் இரட்டிப்பு ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

கரையோரம் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காதீர்கள், மண்ணில் தேய்த்து நகர்த்துங்கள். மணலில் புதைந்த திருக்கை மிதிபடாமல் விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் முக்கினால் வலி குறையும். பிறகு மருத்துவமனை கட்டாயம், முள் துண்டு உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போவது இதற்காகத்தான்.

பள்ளத்தூர்க்காரி:

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. 33 சட்டம் ஒரு எம்எஸ்சி ஆய்வுக்குப் போதுமா? எந்த மாதத்தில் போக வேண்டும்? படகு கிடைக்காவிட்டால் கரையிலேயே செய்யக்கூடியது உண்டா?

கொட்டலசு எழுதியது:

போதாது. காரணம் எண்ணிக்கை இல்லை. ஒரே டேப்பில் வைத்த பதினொரு சட்டங்கள் ஒன்றுக்கொன்று அண்டைவீடு, தனித்தனிச் சான்று இல்லை. புள்ளியியலில் உங்கள் மாதிரி எண்ணிக்கை 33 ஆகாது, மூன்று டேப்தான். இதைக் கவனிக்காமல் டி-டெஸ்ட் போட்டு ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று எழுதுவதுதான் முதுகலை ஆய்வேடுகளில் நிறையக் கண்ணில் படும் கோளாறு. டேப்பில் சட்டத்தைக் கூட்டுவதைவிட இடங்களைக் கூட்டுங்கள். உதாரணமாக நண்டு வலை அதிகம் விரிக்கும் நாலு இடம், குறைவாக விரிக்கும் நாலு இடம், ஒவ்வொன்றிலும் மூன்று டேப். அப்போதுதான் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

தரவு எழுதும் முறையும் அப்படியே. எக்செல்லில் ஒரு சட்டத்துக்கு ஒரு வரி, செல்களை இணைக்கக் கூடாது. புல் இல்லை என்றால் 0. கலங்கலில் பார்க்க முடியவில்லை என்றால் என்ஏ (தரவு இல்லை). இரண்டையும் வெற்றுக் கட்டமாக விட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது. ஜிபிஎஸ்ஸை முதலிலேயே தசம டிகிரிக்கு மாற்றிவிடுங்கள். 9°45′ என்பது 9.75. அதை 9.45 என்று தட்டச்சு செய்தால் உங்கள் புல்வெளி 33 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். நீர்த்தெளிவு பார்க்க இறக்கும் செக்கி தட்டு தரையைத் தொட்டும் தெரிந்தால் ஆழத்தை எழுதாமல் ‘தரை தெரிந்தது’ என்று எழுத வேண்டும். ரெஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு காலையும் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே உப்புத்தன்மை பாருங்கள்.

புள்ளியியலுக்கு ஆர் மென்பொருளும் வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ்ஸும் இலவசம். காரைக்குடியில் உட்கார்ந்தே இந்த வருடம் முழுக்கப் பழகலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படமும் இலவசம்தான், 10 மீட்டர் நுணுக்கம். தெளிந்த நாளில் எடுத்த படத்தில் ஆழமில்லாத புல்வெளி கருத்துத் தெரியும். ஆனால் பாசியும் அப்படியே தெரியும், அதனால் நேரில் போய்ச் சரிபார்க்காத வரைபடத்துக்கு மதிப்பில்லை.

வத்தை எழுதியது:

மாதம்: ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்து பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும், நீருக்கடியில் பார்த்துச் செய்யும் வேலை நடக்காது. மன்னார் வளைகுடா இதற்கு நேர் எதிர். தென்மேற்குப் பருவக்காற்றில் அது கொந்தளிக்கும். எம்எஸ்சி நாலாம் செமஸ்டருக்குத் தோதான நாள் தை பின்பாதியிலிருந்து சித்திரை வரை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். விசைப்படகு மீன் தரவை வைத்து ஆய்வு என்றால் ஏப்ரல் பாதிக்குள் முடிக்க வேண்டும். தலைப்பைப் பதிவு செய்யும்போது இதை யோசிக்காமல் மே மாதத்தில் வெறும் துறைமுகத்தில் போய் நிற்கிறவர்கள் உண்டு.

கரையிலேயே செய்யும் வேலை நிறைய இருக்கிறது. மீன் இறங்குதளக் கணக்கெடுப்பு அதில் முதல். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு. தொண்டிப் பக்கம் நாட்டுப்படகு, நண்டு வலை. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மீதி நாட்டுப்படகுக்கு என்ற முறை இருக்கிறது. கல்லூரி விடுமுறைக்காக ஒரே கிழமையில் போய்க்கொண்டிருந்தால் ஒரு வகைப் படகையே பார்ப்பீர்கள். கிழமை மாற்றிப் போங்கள்.

ஒவ்வொரு படகுக்கும் எழுத வேண்டியது: படகு வகை, வலை வகை, கண்ணி அளவு, வலை கிடந்த மணி, ஆழம், ஆட்கள், மொத்த எடை. அன்றைக்கு வந்த படகு 40, நீங்கள் பார்த்தது 8 என்றால் ஐந்தால் பெருக்கி மொத்தம் வரும். அந்த 40ஐ எண்ணாமல் வந்துவிட்டால் எட்டுப் படகின் கணக்கு எதற்கும் பயன்படாது. கழிசல் மீனில் மாதிரி எடுக்கும்போது கூடையின் மேல், நடு, அடி மூன்றிலும் அள்ளுங்கள். சின்னது அடியில் தங்கிவிடும். ஈரக்கூடையின் எடையைத் தனியாக நிறுத்துக் கழியுங்கள். திருக்கைக்கு நீளம் வேண்டாம், தட்டின் அகலம்.

முதல் ஆய்வுக்கு நண்டு நல்ல பொருள். நீலக்கால் நண்டின் ஓட்டு அகலத்தை இரண்டு பக்க முள் நுனிக்கு இடையே வெர்னியரில் அளக்க வேண்டும். வலையிலிருந்து பிய்த்தெடுக்கும்போது முள் ஒடிந்திருக்கும். ஒடிந்ததை அளந்து கணக்கில் சேர்த்தால் நண்டு சின்னதாகத் தெரியும், ‘ஒடிந்தது’ என்று தனிப் பத்தியில் போடுங்கள். சினை நண்டில் முட்டையின் நிறத்தையும் எழுதுங்கள். மஞ்சள், ஆரஞ்சு என்றால் புதிய சினை, கருஞ்சாம்பல் என்றால் குஞ்சு வெளிவரும் நிலை. மாதவாரியாகச் சினை நண்டின் பங்கு தெரிந்தால், எந்த மாதத்தில் அவற்றை உயிரோடு திரும்ப விடச் சொல்லலாம் என்று மீனவரோடு பேச ஆதாரம் கிடைக்கும். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்த வேலைதான் உயிர்.

ஏலம் நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள். ஏலம் தொடங்குமுன் அளந்துவிடுங்கள், அல்லது முடிந்த பிறகு வாங்கியவரிடம் கேளுங்கள். மீனைத் தரையில் பரப்பிப் புழுதியாக்கினால் அடுத்த நாள் உங்களை யாரும் அண்டவிட மாட்டார்கள், அது நியாயமும்கூட. முதலில் ஊர்த் தலைவரையும் சங்கத்தையும் பார்த்து யார், எதற்காக, இந்தக் கணக்கு எங்கே போகும் என்று சொல்லிவிடுங்கள். முடிந்ததும் முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாக அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆவுளியா, ஆமை பற்றிக் கேட்பது நுட்பமான வேலை. இரண்டும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வலையில் செத்தது என்று சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம் இருக்கும். வனத்துறை ஊழியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். படிவத்தில் பெயர், படகு எண் வேண்டாம். ‘பார்த்தீங்களா’ என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். ‘கடைசியா எப்போ, எந்த இடத்துல, எப்படி அதுதான்னு தெரிஞ்சது’ என்று கேளுங்கள். காட்டும் படங்களில் நம் கடலில் இல்லாத ஒரு விலங்கையும் சேருங்கள். அதையும் பார்த்தேன் என்பவரின் பதிலைத் தனியே வையுங்கள்.

இந்தத் தகவல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஆவுளியா மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், சினைக்காலமே 13 மாதத்துக்கு மேல். வருடத்துக்குச் சில உயிர் வலையில் மூச்சு முட்டிப் போனாலும் கூட்டம் தேய்ந்துவிடும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022 செப்டம்பரில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது. எல்லை வரைந்தாயிற்று. உள்ளே எந்த வலை, எந்த மாதம், எந்தப் புல்வெளியில் ஆபத்து என்ற கணக்கை எடுக்கத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

அனுமதி விஷயத்தில் கவனம். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கரையில் செத்து ஒதுங்கியதைக்கூட ‘மாதிரி’ என்று பையில் போட்டு வராதீர்கள், கல்லூரி அருங்காட்சியகத்துக்காக இருந்தாலும் குற்றம்தான். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளில் கால் வைக்க முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கடிதம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், அதனால் ஒரு எம்எஸ்சி ஆய்வை அதை நம்பி வைக்கக் கூடாது. படகில் போனால் கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். கடலோரப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

நெற்குப்பை எழுதியது:

சித்தப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

நெட் தேறி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஐந்து வருடம் பிஎச்டி ஓடும். நெட் இல்லாமல் திட்டப் பணியாளராகவும் சேரலாம், ஊதியம் அதைவிடக் குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிஎச்டி முடியும்வரை, அதன் பிறகும் சில ஆண்டு, ஒப்பந்த வேலைதான் இந்தத் துறையின் நடைமுறை. நிரந்தர இடம் குறைவு.

ஆள் எடுக்கும் இடங்களை வரிசையாகக் கவனித்து வாருங்கள். சென்னையில் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்ஐஓடி). மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1949இல் மண்டபத்துக்கு வந்து, பல ஆண்டு அங்கேதான் தலைமையிடம் வைத்திருந்தது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளம், கடற்புல் மீட்பில் நீண்ட காலமாக வேலை செய்கிறது. டேராடூன் நிறுவனத்தின் கடற்பசுத் திட்டம் நம் கடலிலும் நடக்கிறது. தொண்டு நிறுவனங்களில் பாக் விரிகுடாவுக்கு ஓம்கார், பொதுவாகக் கடலுக்கு தக்‌ஷின். காரைக்குடி சிக்ரியையும் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மறக்க வேண்டாம்: அரிப்பு ஆய்வில் கப்பலிலும் தூணிலும் ஒட்டும் கொட்டலசு, சிப்பி, பாசி பற்றிய வேலை உண்டு. நேரடிப் பாதுகாப்பு வேலை இல்லைதான், ஆனாலும் கடலில் பலகை தொங்கவிட்டு ஒட்டுயிர் எண்ணும் பயிற்சி எங்கேயும் கைகொடுக்கும்.

தனியார் பக்கம் நிலையான சம்பளம் தருவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள். துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அனல்மின் நிலையம் எதற்கும் கடல் உயிரின அடிப்படை ஆய்வு வேண்டும். அங்கே கேட்பது மிதவை உயிரி, தரைவாழ் உயிரி. 200 மைக்ரான் வலை இழுக்கும்போது வாயில் ஃப்ளோ மீட்டர் கட்டி, இழுக்குமுன்னும் பின்னும் எண் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எத்தனை கன மீட்டர் நீர் வடிகட்டியது என்பது தெரியாமல் முழு மாதிரியும் வீண். கடலடியை அள்ளும் வான் வீன் கிராப்பில் எடுத்த மண்ணை 0.5 மி.மீ. சல்லடையில் சலித்து, ரோஸ் பெங்கால் சாயம் கலந்த ஃபார்மலினில் போட்டால் உயிருள்ளவை சிவந்து தெரியும். கிராப்பின் தாடையில் கல் சிக்கி மூடாமல் வந்தால் அந்த அள்ளலைக் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள், பாதி மண் வழிந்துபோயிருக்கும்.

அந்த வேலையில் ஒரு எச்சரிக்கை, மனதார. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் பவளம், கடற்புல், சதுப்புநிலக்காடு, ஆமை முட்டையிடும் கரை எல்லாம் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள ‘ஒன்று-ஏ’ மண்டலம். ‘இங்கே புல் இல்லை’ என்று ஒரு ஆய்வறிக்கை சொன்னால் அந்தப் பாதுகாப்பே போய்விடும். வாடையில் கலங்கிய நீரில் ஒரே நாள் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். பார்த்த தேதி, நீர்த்தெளிவு, எத்தனை டேப் என்று எழுதி, ‘பதிவாகவில்லை’ என்று மட்டும் சொல்லுங்கள்.

மாநில அரசில் டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வளத்துறைப் பதவிகளும் வனத்துறைப் பதவிகளும் வரும். அறிவிக்கையில் விலங்கியல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கல்லூரி ஆசிரியர் வேலை இன்னொரு வழி, நெட் அதற்கும் உதவும்.

பள்ளத்தூர்க்காரி:

ரொம்ப நன்றி. இந்தக் கோடையில் ஏதாவது ஆய்வகத்தில் பயிற்சிக்கு எழுதிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

வாடைக்காத்து எழுதியது:

பத்து வரிக்கு மேல் வேண்டாம். ‘மதிப்பிற்குரிய ஐயா/அம்மா’ என்று எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் படிக்கமாட்டார்கள். பெயர் சொல்லி எழுதுங்கள். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்த முறை உங்களுக்குப் புரியவில்லை அல்லது பழக வேண்டும் என்று ஒரே வாக்கியம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். நீச்சல் தெரியுமா, ஆர் தெரியுமா, தமிழில் மீனவரோடு பேசிப் படிவம் நிரப்ப முடியுமா. கடைசியாகச் சொன்னது வெளிமாநில ஆய்வுக் குழுக்களுக்குப் பெரிய உதவி, அதைத் தயங்காமல் எழுதுங்கள். தங்குமிடம், படி உண்டா என்று நேராகக் கேளுங்கள், தவறில்லை. பணம் கட்டச் சொல்லும் ‘பயிற்சி’யில் சேருமுன் அங்கே எடுக்கும் தரவு எந்த அறிக்கைக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கோடை வரை காத்திருக்காமல் இந்த மாதமே ஏதாவது ஒரு இறங்குதளத்தில் ஐம்பது நண்டை அளந்து, மேலே சொன்ன மாதிரி எக்செல்லில் போட்டு, அதிலிருந்து வரைந்த ஒரு வரைபடத்தை மின்னஞ்சலோடு இணையுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அந்த ஒரு கோப்பை அவர்கள் கவனமாகத் திறந்து பார்ப்பார்கள். பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் ஒரு நினைவூட்டல். ஏப்ரலுக்கு வேண்டுமானால் ஜனவரியிலேயே எழுதிவிட வேண்டும்.